ஏலக்காரனின் மேல்வரிசைப் பற்கள்

பிப்ரவரி மாதத்து வியாழக்கிழமை ஒன்றில், இருநூறு பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, என் பல் செட்டை ஒரு பசு மிதித்து நொறுக்கியது.

என் பெயர் ராய்ஸ் டீக். அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில், எங்கள் ஊர் மாட்டு ஏலக் கொட்டகையில் இருபத்தொன்பது வருஷமாக ஏலம் கூறுகிறேன். ஏலம் என்றால் ஒருதரம், இரண்டுதரம் என்று நிறுத்தி நிதானமாகச் சொல்லுகிற ஏலம் அல்ல. ஒரே மூச்சில் நாற்பது எண் ஓட வேண்டும். நாக்கு மேல்பல்லின் பின்பக்கத்தைத் தட்டித் தட்டிக் குதிரைபோலப் பாய வேண்டும். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். நான் பிழைத்தது அப்படித்தான்.

அந்த வாயை நானே கெடுத்துக்கொண்டேன். முப்பது வருஷம் கன்னத்தில் புகையிலை அடக்கியிருந்தேன். வலி எடுத்தால் டவுனுக்குப் போவேன், ரொக்கம் கொடுத்துப் பிடுங்கிக்கொண்டு வருவேன். கடைசியில் மேல்வரிசை மொத்தமும் போய், கழற்றி மாட்டுகிற செட்டு வந்தது. அது வீட்டில் ஓட்ஸ் கஞ்சி குடிக்கும்வரை யோக்கியமாக இருந்தது. கொட்டகையில், விலை இருநூற்றுத் தொண்ணூறைத் தாண்டி நான் வேகம் எடுத்தபோது, வாயைவிட்டுப் பறந்து, மேடைக்கு முன்னால் மாட்டைச் சுற்றவிட்டுக் காட்டும் வளையத்துக்குள் மரத்தூளில் விழுந்தது. உள்ளே சுற்றிக்கொண்டிருந்த பசு அதன்மேல் காலை வைத்தது.

கொட்டகை உரிமையாளர் வெர்ன் மேடையில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். சிரிப்பு அடங்க மூன்று நிமிஷம் ஆயிற்று. அதற்குள் அவரே மைக்கைப் பிடுங்கிக்கொண்டு, "இந்தப் பசுவுக்குப் பல்லு புதுசு, வயசைக் குறைச்சுப் போட்டுக்கங்கப்பா," என்றார். நானும் சிரித்தேன், வாயைக் கையால் மூடிக்கொண்டு.

ஏலம் முடிந்ததும் அவர் சிரிக்கவில்லை.

"டேய் ராய்ஸ், வசந்தகால மாட்டை எப்படியோ ஓட்டிக்கலாம். ஏலப் பள்ளிக்கூடத்துல படிச்சிட்டு வந்த ஒரு பையன் இருக்கான், கூப்பிட்டுக்கறேன். ஆனா அக்டோபர்ல கன்னுக்குட்டிச் சந்தை ஆரம்பிச்சா எனக்கு நெஜமான ஆள் வேணும். அக்டோபர் முதல் வியாழக்கிழமை. அதுக்குள்ள வாய சரி பண்ணிக்கிட்டு வந்தா மைக் உன்னுது."

"வரலேன்னா?"

"வரலேன்னா பின்னாடி பட்டியில மாடு முடுக்கலாம். அதுக்குப் பல்லு வேணாம்."

அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. பல் போனால் சொல் போச்சு. ஊமையனை யார் ஏலக்காரனாக வைத்துக்கொள்வார்கள்?

பல் டாக்டர் எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்தார். தாடை எலும்பில் ஆறு திருகாணி இறக்கி, அதன்மேல் பறக்காத பல்வரிசையை முடுக்கிவிடலாம் என்றார். இருபத்துமூவாயிரம் டாலர். சொந்தத் தொழில் செய்கிறவன், இன்சூரன்ஸ் என்று எதுவும் கிடையாது. என் சேமிப்பு ஆறாயிரம். மீதிக்கு மாதத்தவணை போடலாம் என்று வரவேற்பில் இருந்த பெண் என் விவரங்களைக் கம்ப்யூட்டரில் தட்டினாள். பழைய கடன் கணக்கு எதுவும் இல்லாத ஆள் என்று, அரை நிமிஷத்தில் அது என்னை வேண்டாம் என்று சொல்லிவிட்டது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஐம்பத்தேழு வயதில் ஒருவனுக்கும் ஒரு சென்ட் பாக்கி வைத்தவன் இல்லை நான். என் வண்டி ரொக்கத்தில் வாங்கியது. நான் குடியிருக்கும் டிரெய்லர் வீடு ரொக்கத்தில் வாங்கியது. எனக்குப் பதினேழு வயதாக இருந்தபோது பாங்கு எங்கள் பண்ணையை ஏலம் விட்டது. அன்றைக்கு என் அப்பா வண்டிக்குள் உட்கார்ந்து கண்ணாடியை ஏற்றிக்கொண்டதைப் பார்த்தவன், பிறகு எந்தப் பாங்குக் காகிதத்திலும் கையெழுத்துப் போட்டதில்லை. கையிலே காசு, வாயிலே தோசை. அதுதான் என் கொள்கை. அந்தக் கொள்கையால்தான் என் மனைவி மார்லிஸும் போனாள். ஓடைக்கரையில் நூறு ஏக்கர் மேய்ச்சல் நிலம் விலைக்கு வந்தபோது, கடன் வாங்கி வாங்குவோம் என்று இரண்டு வருஷம் கெஞ்சினாள். நான் கையெழுத்துப் போடவில்லை. என்னை விட்டுப் போய், நோலன் ஹோஃபரைக் கட்டிக்கொண்டு, அதே நிலத்தைக் கடனில் வாங்கி, கடனையும் அடைத்துவிட்டாள். இது நடந்து பத்தொன்பது வருஷம்.

ஊர்க் கூட்டுறவு வங்கியில் யெசேனியா என்று ஒரு பெண் கடன் பிரிவில் இருக்கிறாள். அவள் அப்பா எங்கள் கொட்டகைக்கு மாடு ஏற்றி வருகிறவர். அவளிடம் போய்க் கத்தினேன்.

"கடனே வாங்காதவன நம்ப மாட்டாங்களாம்! என்னம்மா உலகம் இது?"

"கத்தாதீங்க சார். கடனை ஒழுங்காக் கட்டற ஆளான்னு பாத்து ஒரு மதிப்பெண் போடுவாங்க, அந்த ஸ்கோர் உங்களுக்கு மோசம்னு யாரும் சொல்லல. உங்களுக்கு ஸ்கோரே இல்ல. அந்தக் கம்ப்யூட்டரைப் பொறுத்தவரைக்கும் நீங்க இன்னும் பொறக்கவே இல்ல."

"பொறக்காதவனுக்கு எப்படிம்மா பல்லு விழுந்துச்சு?"

அவள் சிரித்துவிட்டாள். பிறகு வழி சொன்னாள். ஐந்நூறு டாலர் வங்கியில் கட்டி வைத்தால், அதை ஈடாக வைத்து ஒரு கார்டு தருவார்கள். மாதாமாதம் அதில் பெட்ரோல் மட்டும் போட வேண்டும், ஐம்பது அறுபது டாலருக்கு மேல் போகக்கூடாது. தேதி தவறாமல் கட்ட வேண்டும். ஆறு மாதத்தில் ஒரு ஸ்கோர் முளைக்கும்.

"ஆகஸ்ட்ல வாங்க. அப்புறம் உங்களுக்காக நானே மேனேஜர்கிட்ட பேசறேன்."

என் பணத்தையே கட்டி, அதையே எனக்குக் கடனாகத் தருகிறார்களாம். மாட்டுச் சந்தையில் இப்படி ஒரு வியாபாரத்தை எவனாவது சொன்னால் ஓட ஓட விரட்டியிருப்போம். ஆனாலும் செய்தேன். மார்ச்சிலிருந்து ஜூலை வரை, வாய் திறக்காமல் பின்பட்டியில் மாடு முடுக்கினேன். பள்ளிக்கூடப் பையன் மேடையில் நின்று விலையைத் தப்பும் தவறுமாகக் கூவுவதைக் கேட்டுக்கொண்டே முடுக்கினேன். பழைய சேக்காளிகள் வந்து பேசினால் தலையை மட்டும் ஆட்டுவேன். மூன்று வார்த்தை பேசினால் நான்காவதில் காற்றுதான் வரும்.

ஜூலைக் கடைசியில் கார்டில் பாக்கி இருந்தது நாற்பத்தொரு டாலர். அதைக் கட்டினேன். கட்டியதும், எங்கள் ஊரில் எல்லோரும் செய்வதை நானும் செய்தேன். தீவனக்கடையில் பாக்கியைத் தீர்த்தால் சீட்டைக் கிழித்துப் போடச் சொல்வார்கள். அதுதான் மரியாதை, கடைக்காரர் கையும் குலுக்குவார். கவுண்ட்டரில் இருந்தவரிடம், "கணக்கை முடிச்சிடுங்க," என்று கார்டைக் கொடுத்து, என் ஐந்நூறு டாலரையும் வாங்கிக்கொண்டு, பெருமையாக யெசேனியா மேஜைக்குப் போனேன்.

"அடைச்சாச்சு. கணக்கையும் மூடியாச்சு. இப்ப எழுது ஸ்கோரை."

அவள் நெற்றியை மேஜைமேல் வைத்துவிட்டாள்.

"சார், இன்னும் ஒரே ஒரு மாசம். ஒரே ஒரு மாசம் சும்மா இருந்திருக்கக் கூடாதா? அஞ்சு மாசமாத் தண்ணி ஊத்தி, பூ விடற நேரத்துல வேரோட பிடுங்கிட்டு வந்து நிக்கறீங்களே!"

"கடனை அடைக்கச் சொன்னது நீதானேம்மா?"

"அடைக்கச் சொன்னேன். மூடச் சொன்னேனா?"

மறுபடி முதலிலிருந்து என்றால் பிப்ரவரி ஆகிவிடும். வெர்ன் அக்டோபரைத் தாண்டிக் காத்திருக்க மாட்டார். வேறு வழியே இல்லையா என்று கேட்டேன். தயங்கித் தயங்கி ஒன்று சொன்னாள். ரொம்ப வருஷமாகக் கார்டு வைத்துத் தவறாமல் கட்டி வருகிற யாராவது, தங்கள் கார்டில் என் பெயரையும் சேர்க்கலாம். அந்தப் பழைய கணக்கின் நல்ல பெயர் முழுக்க என் பெயரிலும் ஏறும். கார்டு என் கைக்கு வரவேகூட வேண்டாம்.

"உறவுல யாராவது இருக்காங்களா சார்?"

"மாடுதாம்மா இருக்கு," என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அந்தச் சனிக்கிழமை மளிகைக்கடையில் ஆப்பிள் கூழும் தக்காளி சூப்பும் தள்ளுவண்டியில் அடுக்கிக்கொண்டிருந்தேன். எதிரே மார்லிஸ். ஊர் சின்னது, வாரம் ஒருமுறையாவது எதிர்ப்படுவோம். தலையாட்டிவிட்டுப் போய்விடுவோம். அன்றைக்கு அவள் என் வண்டிக்குள் எட்டிப் பார்த்தாள்.

"வீட்டுல கைக்குழந்தையா?"

வாயைக் கையால் மூடிக்கொண்டு, இல்லை என்று தலையை ஆட்டினேன்.

"கைய எடு, ராய்ஸ். பதினோரு வருஷம் உன் மூஞ்சியப் பார்த்தவ நான். இனிமேலா பயந்துடப் போறேன்?"

எடுத்தேன். அவள் பயப்படவில்லை. ஆனால் முகத்திலிருந்த கிண்டல் போய்விட்டது. என்ன என்று கேட்டாள். சூப்பு டப்பாக்களுக்கு நடுவே நின்று, காற்று விட்டு விட்டு எல்லாவற்றையும் சொன்னேன், கார்டை மூடிய கதை உட்பட. அந்த இடம் வந்ததும் அவள் வண்டிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"கடைசில கையெழுத்துப் போடறதுன்னு முடிவு பண்ணினியே, அதையாவது உருப்படியாப் பண்ணினியா!" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பொறந்த தேதி அதேதானே? மார்ச் ஒன்பது?" என்று கேட்டாள்.

"எதுக்கு?"

"எங்கிட்ட இருபத்திரண்டு வருஷத்துக் கார்டு ஒண்ணு இருக்கு. நாம சேர்ந்து இருந்தப்போ உனக்குத் தெரியாம வாங்கினது. ஒரு மாசம்கூடத் தவறினதில்ல."

எனக்குத் தெரியாமல் வாங்கியதா என்று ஒரு கணம் கோபம்கூட வந்தது, பாருங்கள். பத்தொன்பது வருஷம் கழித்து! நல்லவேளை, வாயில் பல் இல்லை, வார்த்தை வெளியே வரவில்லை.

"நோலன் என்ன சொல்வான்?" என்றேன்.

"அவர்கிட்ட சொல்லிட்டுத்தான் செய்வேன். கார்டு உன் கைக்கு வராது, அதை ஞாபகம் வெச்சுக்க. பேர் மட்டும்தான். என் பேர் மேல ஏறி நின்னு நீ எட்டிப் பறிச்சுக்கோ."

"ஊர்ல யாருக்கும் தெரிய வேணாம், மார்லிஸ்."

இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அவள் கொடுக்கிறாள், நான் நிபந்தனை போடுகிறேன். அவள் ஒரு கணம் என்னைப் பார்த்தாள். "சரி, யாருக்கும் தெரியாது," என்று சொல்லிவிட்டு ரொட்டி இருக்கும் பக்கம் போனாள்.

செப்டம்பர் முதல் வாரம் யெசேனியா போன் செய்தாள். "சார், நீங்க பொறந்துட்டீங்க. எழுநூத்துப் பன்னெண்டு." பதினேழாயிரம் டாலருக்கு, என் வாழ்க்கையில் முதல் தடவையாக, வங்கியின் கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டேன். அதற்குமுன் இரண்டு தடவை பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். அந்தப் பெண் பார்க்காததுபோல ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவளுக்கும் நான் கடமைப்பட்டவன்.

செப்டம்பர் நடுவில் திருகாணிகளை இறக்கி, அதன்மேல் தற்காலிகப் பல்வரிசையை அன்றைக்கே முடுக்கிவிட்டார்கள். வீக்கம் வடிந்ததும், வண்டியில் தனியாகப் போகும்போது மின்கம்பங்களை ஏலம் விட்டேன். பாலங்களை ஏலம் விட்டேன். எதிரே வந்த பள்ளிக்கூடப் பேருந்தை முந்நூற்று நாற்பதுக்கு விற்றேன். ஒரு பல் அசையவில்லை. என் குரல் எனக்குத் திரும்பக் கிடைத்தபோது, ரோட்டோரம் வண்டியை நிறுத்திவிட்டு அழுதேன் என்று சொல்வதில் எனக்கு வெட்கம் இல்லை.

அக்டோபர் முதல் வியாழக்கிழமை. கொட்டகையில் உட்கார இடம் இல்லை. வெர்ன் மைக்கைத் தட்டி எழுந்து நின்றார்.

"நம்ம ராய்ஸ் திரும்பி வந்துட்டான்! பல்லைப் பாருங்கப்பா, கல்யாண மாப்பிள்ள மாதிரி. எவன்கிட்டயும் ஒரு சென்ட் கை நீட்டாம, சொந்தக் காசுல போட்டுக்கிட்டு வந்திருக்கான். பழைய காலத்து ஆளு!"

கூட்டம் கை தட்டியது. நான் கையை உயர்த்தினேன். மூன்றாவது வரிசையில் மார்லிஸ் நோலனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவளும் எல்லோரோடும் சேர்ந்து கை தட்டினாள்.

அவள் கை தட்டாமல் இருந்திருக்கலாம். முறைத்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

ஏலத்தை ஆரம்பித்தேன். வாய் பழையபடி ஓடியது, பழையதைவிட நன்றாகவே ஓடியது. ஒரு மணி நேரம் விற்றேன். பிறகு கதவு திறந்து, ஓடைக்கரை மேய்ச்சலில் வளர்ந்த கன்றுகள் உள்ளே வந்தன. எழுபத்தொரு கன்றுகள், எல்லாம் கறுப்பு, ஒரே அச்சில் வார்த்தது போல. நூறு பவுண்டுக்கு முந்நூறில் ஆரம்பித்தேன். முந்நூற்றுப் பத்து. பதினைந்து. பதினெட்டில் வந்து நின்றுவிட்டது. கன்றுகளைக் கொழுக்கவைக்கும் தீவனப் பண்ணைகளுக்காக வாங்க வந்த இருவரும் கையைக் கட்டிக்கொண்டார்கள்.

இப்படி நின்றுவிட்டால், ஏலக்காரன் ஓட்டத்தை நிறுத்திக் கன்றுகளைப் பற்றி நாலு வார்த்தை நல்லதாகச் சொல்வது வழக்கம். நானும் நிறுத்தினேன். தடுப்பூசி, எடை, மேய்ச்சல் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"வெர்ன் சொன்னது பொய்," என்றேன். மைக்கில் அது கொட்டகையின் மூலைவரை போயிற்று. "அவருக்குத் தெரியாது, அதனால அவர் மேல தப்பில்ல. தெரிஞ்சும் கை தூக்கினவன் நான். இந்தப் பல்லு கடன்ல வாங்கினது. அந்தக் கடனும் என் பேருக்குக் கெடைக்கல. ஒருத்தன்கிட்டயும் கடன்பட்டதில்லன்னு உங்ககிட்ட எல்லாம் எத்தன வருஷம் பீத்தியிருப்பேன்? அந்தப் பீத்தலுக்கு வங்கியில ஒரு சென்ட் மதிப்பில்ல. இந்தக் கன்னுகளோட சொந்தக்காரி அவ பேர்ல என் பேரையும் சேத்துக்கிட்டா. இருபத்திரண்டு வருஷம் சேத்து வெச்ச நல்ல பேரு. வெளியில சொல்லாதேன்னு வேற நான் அவகிட்ட சொன்னேன். அவளும் சொல்லல. இப்ப உக்காந்து எனக்குக் கையும் தட்டறா. நன்றின்னு ஒரு வார்த்தை நான் இன்னும் சொல்லல. இப்ப சொல்றேன். நன்றி, மார்லிஸ்."

கன்றுகள் மட்டும் மரத்தூளில் சுற்றிக்கொண்டிருந்தன. வெர்ன் தன் தொப்பியைக் கழற்றி அதற்குள் எதையோ தேடினார். மார்லிஸின் முகம் கழுத்துவரை சிவந்துவிட்டது.

"பேசினது போதும்யா!" என்று மூன்றாவது வரிசையிலிருந்து கத்தினாள். "கன்னு நின்னுக்கிட்டே இளைச்சுப் போவுது, வித்துத் தொலை!"

கொட்டகையே சிரித்தது. நோலன்தான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தான். நான் மறுபடி ஓட்டத்தைப் பிடித்தேன். என் பேச்சைக் கேட்டு விலை ஏறியது என்று சொல்ல எனக்கும் ஆசைதான். ஏறவில்லை. வாங்குகிறவன் கன்றைப் பார்ப்பானா, என் கண்ணீரைப் பார்ப்பானா? கால் டாலர்கூட அசையவில்லை. முந்நூற்றுப் பதினெட்டுக்கே சுத்தியலைத் தட்டினேன்.

விற்று முடிந்ததும், வாங்கியவர் எண்ணையும் விற்றவர் பெயரையும் மைக்கில் சொல்லவேண்டும். அந்தக் கன்றுகளின் சீட்டில், விற்றவர் என்ற இடத்தில் மார்லிஸ், நோலன் என்று இரண்டு பெயர்களும் இருக்கும். இத்தனை இலையுதிர்காலங்களாக, அந்தக் கன்றுகள் வளையத்துக்கு வரும்போதெல்லாம், நான் படித்தது நோலன் ஹோஃபர் என்ற ஒரு பெயரை மட்டும்தான். ஏன் என்று யாரும் கேட்டதில்லை. அவளும் கேட்டதில்லை. ஒவ்வொரு வருஷமும் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து, தன் கன்றுகளை நான் அவள் பெயரில்லாமல் விற்பதைக் கேட்டுவிட்டு எழுந்து போவாள்.

"வாங்கினவர் எண் நாப்பத்தி நாலு," என்றேன். "வித்தவர் மார்லிஸ் ஹோஃபர். அவரோட சேர்ந்து நோலன் ஹோஃபர்."

அவள் கோட்டை மாட்டிக்கொண்டிருந்தாள். ஒரு கை உள்ளே போயிருந்தது, மற்றது போகவில்லை. அப்படியே மறுபடி உட்கார்ந்தாள்.